பேதை உள்ளானில் மூன்று வகை ஆண்கள்: "சிறந்த" ஆண் மட்டும் ஏன் மிஞ்சவில்லை?

#1 உப்பளத்தான் (வேதாரண்யம்)

எல்லோருக்கும் வணக்கம். குளிர்காலத்தில் கோடியக்கரை உப்பளப் பக்கம் போனவர்கள் பேதை உள்ளானைப் பார்த்திருப்பீர்கள். கூட்டமாக இறங்கி, சேற்றைக் குத்திக் குத்தி மேயும். பழுப்பும் சாம்பலுமான உடம்பு. பூநாரை நிற்கிற இடத்தில் இதன் பக்கம் யாரும் கேமராவைத் திருப்புவதில்லை. ஆணும் பெண்ணும் ஒரே மாதிரிதான் தெரியும், ஆண் மட்டும் நன்றாகப் பெரியது.

வெயில் ஏறியதும் இவை வடக்கே சதுப்பு நிலங்களுக்குப் போய்விடும். அங்கேதான் இனப்பெருக்கம். ஆணுக்குக் கழுத்தைச் சுற்றி விரிந்த இறகுக் காலர் முளைக்கும், தலையில் இரண்டு கொத்து நிற்கும். ஆண்கள் ஒரு மேட்டில் கூடி ஆட்டம் போடுவார்கள். அந்த இடத்துக்கு லெக் என்று பெயர். பெண்கள் வந்து பார்த்து, பிடித்த ஆணோடு சேர்ந்துவிட்டுப் போய் முட்டையிடும். குஞ்சு வளர்ப்பில் ஆணுக்கு எந்தப் பங்கும் இல்லை.

அந்த ஆண்களில் மூன்று வகை உண்டு. கறுப்பு அல்லது செம்பழுப்புக் காலரோடு ஆளுக்கொரு சிறு திட்டைப் பிடித்து, அதற்காகச் சண்டை போடுபவை இண்டிபெண்டன்ட். நூற்றுக்கு 80 முதல் 95 வரை இவைதான். வெளிறிய காலரோடு, சொந்தத் திட்டு இல்லாமல், அடுத்தவன் திட்டில் நின்று ஆடுபவை சாட்டிலைட். மூன்றாவது வகை ஃபேடர். அதற்குக் காலரே முளைக்காது, பார்வைக்குப் பெண் மாதிரியே இருக்கும். நூற்றுக்கு ஒன்றுதான் தேறும். நெதர்லாந்தில் யூகெமா, பியர்ஸ்மா என்ற இருவர் 2006-இல்தான் இதை வெளியுலகுக்குச் சொன்னார்கள். பெண் இறகோடு, ஆணுக்கும் பெண்ணுக்கும் இடைப்பட்ட சிறகு நீளத்தோடு சில பறவைகள் வலையில் விழுந்தன. பரிசோதித்தால் எல்லாம் ஆண்!

என் கேள்வி இதுதான். பெண்கள் விரும்பிப் போவது பெரும்பாலும் இண்டிபெண்டன்டிடம் என்றால், மற்ற இரண்டு வகையும் ஏன் இன்னும் அழியவில்லை?

#2 கருவேலன் (மதுரை)

நல்ல இழை. இதில் பெரிய புதிர் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. குஞ்சாக இருக்கும்போது தீனி சரியாகக் கிடைக்காதவை, உடம்பு தேறாதவை சண்டைக்கு லாயக்கில்லாமல் போகும். சும்மா இருப்பதைவிட ஓரமாக நின்று கிடைத்ததைப் பெறுவது மேல். அதைத்தான் இவை செய்கின்றன. எல்லா உயிரினத்திலும் இருப்பதுதான். தனி "வகை" என்று பேர் வைக்கிற அளவுக்கு இதில் என்ன இருக்கிறது?

#3 மீனலோசனி (கோவை)

கருவேலன் சார், நீங்கள் சொல்வது பல விலங்குகளுக்குப் பொருந்தும். இந்தப் பறவைக்குப் பொருந்தாது. மரபியல் பாடம் எடுப்பவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கனடாவில் டேவிட் லாங்க் என்பவரின் குழு இந்தப் பறவைகளைக் கூண்டில் தலைமுறை தலைமுறையாக வளர்த்தது. எந்த அப்பாவுக்கு எந்தக் குஞ்சு என்ற வம்சாவளி கையில் இருந்தது. தீனி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். அப்படியும் எந்தக் குஞ்சு இண்டிபெண்டன்ட், எது சாட்டிலைட் என்பது பெற்றோரைப் பொறுத்தே அமைந்தது. 1995-இல் நேச்சர் இதழில் வந்த முடிவு: ஒரே ஒரு மரபணு இருக்கை (குரோமோசோமில் ஒரே ஒரு இடம்), சாட்டிலைட் வடிவம் ஓங்கு தன்மை உடையது (ஒரு பிரதி இருந்தாலே வெளிப்படும்), இருப்பது பால் குரோமோசோமில் அல்ல, சாதாரணக் குரோமோசோமில். ஃபேடரும் அதே மாதிரி ஓங்கு தன்மையோடுதான் கடத்தப்படுகிறது என்று 2013-இல் காட்டினார்கள்.

சாதாரணக் குரோமோசோமில் இருந்தால் பெண்ணிடமும் அது இருக்க வேண்டும். ஆனால் பெண்ணுக்குக் காலரும் இல்லை, ஆட்டமும் இல்லை. பிறகு எப்படித் தெரிந்துகொள்வது? அவர்கள் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. பெண் பறவைகளுக்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோனைத் தோலுக்கடியில் வைத்தார்கள். பெண்களுக்குக் காலர் முளைத்தது, ஆட்டமும் வந்தது. சில இண்டிபெண்டன்ட் போலத் திட்டுப் பிடித்தன, சில சாட்டிலைட் போல நடந்துகொண்டன. அதுவும் அந்தந்தப் பெண்ணின் வம்சாவளி எதைச் சொன்னதோ அதன்படியே. 1999-இல் வெளியானது.

ஆகவே, சாட்டிலைட் என்பது தோற்றுப்போன இண்டிபெண்டன்ட் அல்ல. முட்டைக்குள்ளேயே முடிவாகிவிட்ட வேறொரு வாழ்க்கை. "ஏமாற்றுக்காரன்", "கையாலாகாதவன்" என்ற சொற்களைப் பாடப்புத்தகங்களே இந்த ஆண்களுக்குப் பயன்படுத்துவது எனக்கு உறுத்தலாகவே இருக்கும். ஒரு வகையை அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்றதைக் குறையாகப் பார்த்தால், உப்பளத்தான் கேட்ட கேள்விக்குப் பதிலே கிடைக்காது.

#4 ரேகா_பூச்சி (பெங்களூரு)

அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கருவேலன் சார் சொல்கிற வகைக்கும் நம் பக்கத்திலேயே அருமையான உதாரணம் உண்டு. தென்னிந்தியப் புதர்க்காடுகளில் ஈகாந்தஸ் ஹென்றி என்றொரு மரச் சிள்வண்டு இருக்கிறது. ஆண் சிறகை உரசிப் பாடும், சத்தம் பெரிதாக வருகிற ஆணைத் தேடிப் பெண் போகும். சில ஆண்கள் இலையில் ஓட்டை போட்டு, அதற்குள் உடம்பை நுழைத்து, சிறகு இலையோடு ஒட்டி நிற்கும்படி வைத்துக்கொண்டு பாடும். இலையே ஒலித்தட்டாகிச் சத்தத்தைக் கூட்டிவிடும். இந்திய அறிவியல் கழகத்தில் ரோகிணி பாலகிருஷ்ணன் குழுவினர் ஆராய்ந்தபோது, இப்படிச் செய்பவை பெரும்பாலும் உடல் சிறுத்த, இயல்பிலேயே சத்தம் குறைந்த ஆண்கள் என்று தெரிந்தது. 2020-இல் வந்த கட்டுரை. அங்கே இலைக்காரன், வெறும் பாட்டுக்காரன் என்று இரண்டு மரபு வகை இல்லை. தன் நிலைமைக்கு ஏற்ற உத்தி, அவ்வளவுதான்.

இன்னொன்று ஆந்தோஃபேகஸ் சாண வண்டு. புழுவாக இருக்கும்போது நல்ல சாணம் தின்று பெருத்த ஆணுக்குக் கொம்பு வரும். அது பெண் இருக்கும் சுரங்கத்தின் வாசலைக் காக்கும். சிறுத்த ஆணுக்குக் கொம்பு இருக்காது, பக்கவாட்டில் தனிச் சுரங்கம் தோண்டி உள்ளே போய்விடும். இதை முடிவு செய்வது சாப்பாடு. ஆனால் அதோடு விஷயம் முடியவில்லை. எந்த உடல் அளவைத் தாண்டினால் கொம்பு வரும் என்கிற அந்த எல்லை பரம்பரையாக வருகிறது. டக்ளஸ் எம்லன் ஆய்வகத்தில் சில தலைமுறைகள் தேர்ந்தெடுத்து வளர்த்து, அந்த எல்லையையே நகர்த்திக் காட்டினார். அதனால் "மரபணுவா, சூழலா" என்று இரண்டு பெட்டி போட்டுப் பிரிக்க முடியாது. சூழலைப் பார்த்து முடிவெடுக்கிற பொறியே மரபணுவில்தான் இருக்கிறது.

#5 கவின்_பிளஸ்டூ

மீனலோசனி மேடம், ஒரு சந்தேகம். ஒரே மரபணு இருக்கை என்கிறீர்கள். காலர் நிறம், உடம்பு அளவு, சண்டை போடுகிற குணம், ஃபேடர் என்றால் காலரே இல்லாமை, இத்தனையும் ஒரே ஜீனால் எப்படி மாறும்? எங்கள் புத்தகத்தில் பட்டாணியின் உயரத்துக்கு ஒரு ஜீன், நிறத்துக்கு வேறு ஜீன் என்றுதானே இருக்கிறது?

#6 மீனலோசனி (கோவை)

கவின், இருபது வருடம் ஆராய்ச்சியாளர்களையும் துரத்திய கேள்வி இது. விடை 2015 கடைசியில் கிடைத்தது. நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் வெளியிட்டன. ஒன்றில் கிளெமென்ஸ் கூப்பரும் டெர்ரி பர்க்கும் இருந்தார்கள், இன்னொன்று ஸ்வீடன் உப்சாலாவின் லெய்ஃப் ஆண்டர்சன் குழு.

அது ஒரு ஜீன் அல்ல. 11-ஆம் குரோமோசோமில் ஏறத்தாழ 45 லட்சம் டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு. சுமார் 125 ஜீன்கள் அதில் உள்ளன. அந்தத் துண்டு முழுதும் எப்போதோ அறுந்து, தலைகீழாகத் திரும்பி, மறுபடி ஒட்டிக்கொண்டிருக்கிறது. இண்டிபெண்டன்டிடம் இருப்பது திரும்பாத பழைய வரிசை. சாட்டிலைட்டிடமும் ஃபேடரிடமும் ஒரு பிரதி பழையது, ஒரு பிரதி திரும்பியது.

திரும்பினால் என்ன ஆகும்? விந்தோ முட்டையோ உருவாகும்போது ஜோடிக் குரோமோசோம்கள் பக்கத்தில் பக்கத்தில் படுத்துத் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். குறுக்கேற்றம் என்று படித்திருப்பாய். வரிசை ஒன்று நேராகவும் ஒன்று தலைகீழாகவும் இருந்தால் அந்த இடத்தில் மாற்றிக்கொள்ள முடியாது. அதனால் அந்த 125 ஜீன்களும் ஒரு கட்டுச்சோற்று மூட்டை போல மொத்தமாகவே அடுத்த தலைமுறைக்குப் போகும். நிறத்தை மாற்றுகிற ஜீன், ஹார்மோனை மாற்றுகிற ஜீன், உடல் அளவைத் தொடுகிற ஜீன் எல்லாம் பிரியாமல் சேர்ந்தே பயணம் செய்யும். சேராத கலவை உருவாக வழியில்லை. வெள்ளைக் காலரோடு ஊரெல்லாம் சண்டை போடுகிற ஆண் பிறக்காததற்குக் காரணம் இதுதான். இப்படி ஒட்டிக்கொண்ட தொகுதியைச் சூப்பர்ஜீன் என்கிறார்கள். நீ படிக்கும் மெண்டலின் விகிதம் இதற்கும் அப்படியே பொருந்தும், ஏனென்றால் கடத்தப்படுவது ஒரே பொட்டலம்.

திரும்பியது சுமார் 38 லட்சம் வருடங்களுக்கு முன்பு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். முதலில் உருவானது ஃபேடர் வகை. அதற்கு நெடுங்காலம் கழித்து, அபூர்வமாக நடந்த ஒரு மறுசேர்க்கையில் பழைய வரிசையின் சில பகுதிகள் திரும்பிய துண்டுக்குள் நுழைந்தன. அந்தக் கலப்புதான் சாட்டிலைட். வெளியில் பார்த்தால் சாட்டிலைட் இடைப்பட்டதாகத் தெரிவது போலவே, மரபணுவிலும் அது இரண்டின் கலவை.

#7 கருவேலன் (மதுரை)

வம்சாவளிச் சான்று வலுவானது, ஏற்கிறேன். ஆனால் என் ஐயம் முழுதும் போகவில்லை. அந்தத் துண்டில் ஹார்மோன் ஜீன் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் இவை டெஸ்டோஸ்டீரோன் குறைந்த ஆண்கள்தானே? குறை உணவில் இல்லை, ஜீனில் இருக்கிறது என்று இடம் மாற்றியிருக்கிறோம், அவ்வளவுதானே?

#8 மீனலோசனி (கோவை)

நியாயமான கேள்வி. ரத்தத்தில் டெஸ்டோஸ்டீரோன் குறைவு என்பது உண்மை. ஆனால் ஆண்ட்ரோஸ்டீன்டையோன் என்ற இன்னொரு ஹார்மோன் இவற்றின் ரத்தத்தில் மிக அதிகம். இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறக்கூடியவை. டெஸ்டோஸ்டீரோனை ஆண்ட்ரோஸ்டீன்டையோனாக மாற்றும் நொதியைத் தருகிற ஹெச்எஸ்டி17பி2 என்ற ஜீன், அந்தத் தலைகீழ்த் துண்டுக்குள்தான் இருக்கிறது. 2025 ஜனவரியில் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. சாட்டிலைட்டிலும் ஃபேடரிலும் இந்த ஜீனின் வடிவம் வேறு, அதன் வேலையும் வேகமாக நடக்கிறது, அதுவும் ரத்தத்திலேயே. விந்தகம் டெஸ்டோஸ்டீரோனைச் சுரக்கிறது, ரத்தத்துக்கு வந்ததும் அது மாற்றப்பட்டுவிடுகிறது.

இது எவ்வளவு அழகான ஏற்பாடு என்று பாருங்கள். விந்து உற்பத்திக்கு விந்தகத்துக்குள் ஹார்மோன் வேண்டும். சண்டைக் குணத்தைத் தூண்டுவது ரத்தத்தில் ஓடுகிற டெஸ்டோஸ்டீரோன். இந்தப் பறவையில் முதலாவது அப்படியே இருக்கிறது, இரண்டாவது மட்டும் தணிக்கப்பட்டிருக்கிறது. ஃபேடரின் விந்தகம் மற்ற ஆண்களுடையதைப் போல இரண்டரை மடங்கு பெரியது. "குறை" என்ற சொல் இங்கே எங்கே பொருந்தும், சொல்லுங்கள்.

#9 யாழ்_வரதன் (யாழ்ப்பாணம்)

வணக்கம். எங்கட மன்னார்ப் பக்கமும் பேதை உள்ளான் வாறது. எனக்கு விளங்காத விசயம் வேற. இண்டிபெண்டன்ட் மற்ற இண்டிபெண்டன்டைக் கொத்தித் துரத்துது. பிறகு ஏன் சாட்டிலைட்டைத் தன்ர திட்டுக்குள்ள விடுது? அது தன்ர பெட்டையைக் கொண்டு போயிடும் எண்டு தெரியாதோ?

#10 உப்பளத்தான் (வேதாரண்யம்)

வரதன் அண்ணை, இதைப் பற்றி நான் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். பெண்களுக்கு இரண்டு ஆண்கள் சேர்ந்து ஆடுகிற திட்டுதான் அதிகம் பிடிக்கிறது. வெளிறிய காலர் தூரத்திலிருந்தே கண்ணில் படும். சாட்டிலைட் இல்லாத திட்டுக்குப் பெண்கள் வருவது குறைவு. அதனால் திட்டுக்காரன் உள்ளே விட்டால் பங்கு போகும், விடாவிட்டால் பக்கத்துத் திட்டுக்குக் கூட்டமே போய்விடும். ஆட்டத்தின்போது சாட்டிலைட் குனிந்து தரையோடு பதுங்கும், திட்டுக்காரன் அலகை அதன் தலைமேல் வைத்து நிற்கும். பெண் வந்ததும் திட்டுக்காரன் அதை அடக்கப் பார்க்கும், கவனம் சிதறும் கணத்தில் சாட்டிலைட் சேர்ந்துவிடும். எல்லாத் திட்டுக்காரர்களும் ஒன்றுகூடி சாட்டிலைட்டைத் துரத்தினால் அவர்களுக்கு லாபம்தான். ஆனால் ஒருவன் மட்டும் துரத்தினால் அவனுக்கு நட்டம். இந்தச் சிக்கலை ஹியூஜி, லாங்க் இருவரும் 1997-இல் ஆட்டக் கோட்பாட்டு (கேம் தியரி) முறையில் எழுதியிருக்கிறார்கள்.

ஃபேடரின் வழி வேறு. பெண்கள் குனிந்து இணையத் தயாராகும் நேரத்தில் பெண் போலவே நடுவில் நின்றுகொண்டு, சட்டென்று பாய்ந்து சேர்ந்துவிடும். சில நேரம் மற்ற ஆண்கள் ஃபேடர் மேலேயே ஏறுவதும் உண்டு. ஒரு பெண் பல ஆண்களோடு சேர்வது இந்த இனத்தில் சர்வசாதாரணம். கூடுகளில் பாதிக்கு மேல் ஒன்றுக்கு மேற்பட்ட அப்பாக்கள். அப்படிப்பட்ட இடத்தில் பெரிய விந்தகம் எவ்வளவு உதவும் என்று யோசியுங்கள். சேர்வது ஒரே முறை என்றாலும் விந்து நிறைய இருந்தால் போட்டியில் வெல்ல வாய்ப்புண்டு.

#11 பாலு_திருச்சி

அப்போ மனுஷங்கள்லயும் ஆல்ஃபா, பீட்டான்னு சொல்றதெல்லாம் இப்படித்தானே? யூடியூப்ல நிறைய பேர் சொல்றாங்க.

#12 மீனலோசனி (கோவை)

இல்லை பாலு தம்பி. மனிதரில் இப்படி ஆண்களை வகை பிரிக்கிற தலைகீழ்த் துண்டு எதுவும் கிடையாது. ஆல்ஃபா, பீட்டா, காமா என்று உண்மையிலேயே பெயர் வைத்த ஆண்கள் இருப்பது கலிபோர்னியா வளைகுடாவில் கடற்பஞ்சுக்குள் வாழும் பாராசெர்சியிஸ் என்ற சின்னக் கடல் பிராணியில். பெரிய ஆல்ஃபா பெண்களைக் காக்கும், பீட்டா பெண் போல் தோன்றும், காமா மிகச் சிறியது, உள்ளே நுழைந்துவிடும். ஷூஸ்டரும் வேடும் 1991-இல் கணக்கெடுத்தபோது சராசரி இனப்பெருக்க வெற்றி மூன்றுக்கும் சமமாகவே வந்தது. அந்தக் காணொளிக்காரர்கள் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த முடிவை விட்டுவிடுகிறார்கள்.

#13 கவின்_பிளஸ்டூ

மேடம், கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓங்கு தன்மை என்றால் சாட்டிலைட் அப்பாவும், சாட்டிலைட் துண்டு உள்ள அம்மாவும் சேர்ந்தால் 3:1 வர வேண்டும், இல்லையா? அப்படியே போனால் எல்லாம் சாட்டிலைட் ஆகிவிடாதா?

#14 மீனலோசனி (கோவை)

ஓங்கு தன்மை இருப்பதால் மட்டும் ஒன்று பெருகிவிடாது கவின். ஆனால் உன் 3:1 இங்கே வேறு காரணத்தால் வராது. தலைகீழ்த் துண்டு அறுந்த ஒரு முனை சென்ப்-என் என்ற ஜீனின் நடுவில் விழுந்திருக்கிறது. செல் பிரியும்போது குரோமோசோம்களைச் சரியாக இழுத்துப் பிரிக்க அந்த ஜீன் அவசியம். ஒரு பிரதி கெட்டால் இன்னொரு பிரதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். இரண்டும் கெட்டால் கரு பிழைக்காது.

ஆகவே நீ சொன்ன ஜோடியின் முட்டைகளில் நாலில் ஒரு பங்கு வீணாகும். மிஞ்சும் மூன்றில் இரண்டு சாட்டிலைட் துண்டைச் சுமக்கும், ஒன்று இண்டிபெண்டன்ட். விகிதம் 2:1. அதனால் ஒவ்வொரு சாட்டிலைட்டும், ஒவ்வொரு ஃபேடரும் ஒரு பழைய பிரதியைச் சுமந்தே ஆக வேண்டும். அந்தத் துண்டு எவ்வளவு வென்றாலும் இனம் முழுதும் சாட்டிலைட் ஆகவே முடியாது.

#15 ரேகா_பூச்சி (பெங்களூரு)

இந்த இழையில் இதுவரை ஆண்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். துண்டு சாதாரணக் குரோமோசோமில் இருக்கிறது என்றால் பாதி நேரம் அது மகள்களின் உடம்பில் இருக்கிறது. அவர்களுக்கு என்ன ஆகிறது? 2022-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸில் வந்த ஒரு ஆய்வு இதைப் பார்த்தது. கூண்டில் வளர்த்த கூட்டத்தில், ஃபேடர் துண்டைச் சுமக்கும் பெண்கள் உடல் சிறியவை. திரும்பிய துண்டு இல்லாத இண்டிபெண்டன்ட் பெண்களைவிடக் குறைவாக முட்டையிட்டன, முட்டையும் சிறியது, குஞ்சுகள் பிழைப்பதும் குறைவு. சாட்டிலைட் பெண்கள் கிட்டத்தட்ட இண்டிபெண்டன்ட் பெண்களைப் போலவே இருந்தன.

என்னைப் பொறுத்தவரை உப்பளத்தானின் கேள்விக்கு மையமான பதில் இங்கேதான். மகன் பெறும் லாபத்துக்கு மகள் விலை கொடுக்கிறாள். ஃபேடர் துண்டு இன்றும் நிலைத்திருக்கிறது என்றால், ஒவ்வொரு ஃபேடர் ஆணும் சராசரி இண்டிபெண்டன்டைவிட அதிகக் குஞ்சுகளுக்குத் தகப்பனாக இருக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால் மகள்களின் நட்டம் ஈடாகாது. எதைத் தோல்வி என்று #2-இல் எழுதினோமோ அது ஆளுக்கு ஆள் பார்த்தால் மூன்றிலும் வெற்றிகரமான ஆணாக இருக்க வாய்ப்பிருக்கிறது.

#16 கருவேலன் (மதுரை)

ரேகா, இது என்னை யோசிக்க வைக்கிறது. மகள்களின் பக்கம் பார்க்காமல் ஆண்களின் கணக்கை முடிக்க முடியாது என்பது சரி. ஆனால் ஃபேடர் அவ்வளவு வெற்றி என்றால் நூற்றுக்கு ஒன்றாக ஏன் நிற்கிறது? பெருகியிருக்க வேண்டுமே?

#17 ரேகா_பூச்சி (பெங்களூரு)

குறைவாக இருப்பதால்தான் வெற்றி. வேஷம் அபூர்வமாக இருக்கும்வரைதான் பலிக்கும். லெக்கில் வந்து நிற்கும் "பெண்களில்" பாதி ஃபேடர் என்று ஆனால் ஆண்கள் அசந்து விடமாட்டார்கள், ஃபேடர்களுக்குள்ளேயே போட்டியும் வந்துவிடும். சாட்டிலைட்டுக்கும் அப்படித்தான். திட்டுக்காரர்கள் இல்லாவிட்டால் அது யார் திட்டில் போய் ஆடும்?

பெருகப் பெருக லாபம் குறையும் இந்த விதியைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் கலிபோர்னியாவின் யூட்டா பல்லியைப் பாருங்கள். சினெர்வோவும் லைவ்லியும் 1996-இல் எழுதியது. ஆரஞ்சுத் தொண்டை ஆண் பெரிய இடத்தைப் பிடித்துப் பல பெண்களை வைத்திருக்கும், நீலத் தொண்டையை விரட்டிவிடும். மஞ்சள் தொண்டை பெண் போல வேஷமிட்டு ஆரஞ்சின் பரந்த எல்லைக்குள் நுழைந்துவிடும். நீலமோ தன் பெண்ணைப் பக்கத்திலேயே நின்று காப்பதால் மஞ்சளின் வேஷம் அங்கே செல்லாது. எது பெருகினாலும் அதை வெல்லும் இன்னொன்று தயாராக இருப்பதால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முன்னணி மாறிக்கொண்டே இருந்தது. பேதை உள்ளானில் அப்படிச் சுழற்சி இல்லை, விகிதம் ஓரளவு நிலையாக நிற்கிறது. கரு அழிவும் மகள்களின் செலவும் அதைக் கீழே இழுக்கின்றன, அபூர்வமாக இருப்பதன் லாபம் மேலே தள்ளுகிறது.

#18 யாழ்_வரதன் (யாழ்ப்பாணம்)

நல்லா விளங்குது, நன்றி பிள்ளை. உப்பளத்தான் தம்பி, அப்ப இஞ்ச வாற கூட்டத்திலயும் ஃபேடர் இருக்கத்தானே வேணும்? குளிர்காலத்தில யாருக்கும் காலர் இல்லை. எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

#19 உப்பளத்தான் (வேதாரண்யம்)

தொலைநோக்கியால் முடியாது அண்ணை. குளிர்கால உடையில் ஃபேடரைச் சற்றுப் பெரிய பெண் என்றுதான் எண்ணுவோம். அடையாளத்துக்காகக் காலில் வளையமிடும்போது கையில் பிடித்து அளந்தால் துப்புக் கிடைக்கும். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாக வளையமிட்டு வருகிறார்கள். சிறகு நீளம் பெண்ணுக்கு அதிகமாகவும் ஆணுக்குக் குறைவாகவும் விழுகிற பறவைதான் நாம் தேட வேண்டியது. அதிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் போதும், ஆணா பெண்ணா என்பதும் 11-ஆம் குரோமோசோமின் அந்தத் துண்டு எந்த வகை என்பதும் ஆய்வகத்தில் தெரிந்துவிடும். பெண்களையும் அதே முறையில் வகை பிரிக்கலாம் என்பது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது, ரேகா சொன்ன மகள்களைக் கூண்டுக்கு வெளியே, வலசை வரும் இடத்திலேயே பார்க்க அது ஒன்றுதான் வழி. ரத்த மாதிரி எடுக்க வனத்துறை அனுமதியும் பயிற்சி பெற்ற கையும் வேண்டும். இந்தக் குழுவில் வளையமிடும் பயிற்சி உள்ளவர்கள் யாராவது இருந்தால் இங்கேயே எழுதுங்கள்.